ஜான்சி கிண்டிக்குப் போகவில்லை

சாந்தோம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் ஏசுராஜுக்கு அம்மா ரோஸி எழுதுவது. நானும் ஜான்சி அக்காவும் சுகம். கப்பலில் நீயும் உன்னோடு இருப்பவர்களும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் நீ போனில், அக்கா கிண்டி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. உங்கள் கப்பலுக்கு வரும் முருகையன் வியாழக்கிழமை புறப்படுகிறாராம். அவர் கையில் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா சேரவில்லை, தம்பி. கோபப்படாமல் மீதியைப் படி.

ஜூலையில் அக்கா டாக்டராக இருக்கிற அவசரப் பிரிவில் ஒருவருடைய அப்பா இறந்துபோனார். அந்த ஆத்திரத்தில் மகன் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி எறிந்ததில், அக்காவுக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். உன்னிடம் இரண்டு என்றேன். உண்மையில் ஐந்து. அதற்கு முன்பே அவள் வீட்டில் பேசுவதை விட்டுவிட்டாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். நீ உன் சிநேகிதன் நந்தகுமாரிடம் சொல்லி கிண்டியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஏற்பாடு செய்தபோது, இந்த அரசாங்க வேலை தொலையட்டும் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவளும் ராஜினாமா எழுதிப் பையில் வைத்துவிட்டாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தார்கள். வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று அதில் இருபது கேள்வி. அக்கா அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என்னைக் கேட்டாள்: “அம்மா, மீன் விக்கிறது உனுக்கு சந்தோஷமா கீதா?” சரக்கு நல்லாயிருந்தா சந்தோஷம், மழை புடிச்சா வருத்தம் என்றேன். என்னவோ எழுதினாள், அடித்தாள். வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தாள் போல.

அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து போய்விட்டாள். மார்க்கெட்டில் வியாபாரம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே அவளும் ஃபராஸ் என்கிற டாக்டரும், உடைந்த ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அக்கா அப்படிச் சிரித்துப் பார்த்தது. வேளச்சேரியில் தண்ணீர் டிரம்முக்குள் விழுந்த குழந்தையை மூச்சில்லாமல் கொண்டுவந்தார்களாம். இவர்கள் விடாமல் நெஞ்சை அழுத்த, இருமி அழுததாம். நர்ஸ் தாயம்மா சொன்னார்.

என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்தாள். மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய் என் புடவையில் முகத்தை வைத்து அழுதாள். காலையில் ஒரு பெரியவருக்கு மூச்சு மெஷின் காலியாக இல்லாமல் இறந்துவிட்டாராம். ஐந்து நிமிடத்துக்குள் அந்தச் சிரிப்பும் இந்த அழுகையும். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் கிண்டிக்குப் போனோம். நல்ல இடம்தான், குறை சொல்ல முடியாது. ஏசி அறை, நேரத்துக்கு வீடு, வாசலில் காவலுக்கு நான்கு பேர். வேலை ஆர்டரை வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: “அங்க போனா நான் அழமாட்டேம்மா. ஆனா எதுக்கு சிரிப்பேன்னு தெரில.”

இதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். கிண்டியிலிருந்து போன் வந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுவாள் என்று நானே சொல்லிவிட்டேன். அந்தத் தையல் தழும்பைத் தினமும் பார்க்கிறவள் வேறென்ன சொல்வேன்? தெரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை. அங்கேயே போன் போட்டு, வரவில்லை, மன்னியுங்கள் என்று சொன்னாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ராஜினாமாவைக் கிழித்துவிட்டு வேறொரு மனு எழுதினாள். அவசரப் பிரிவுக்குக் காவலாளி வேண்டும், இன்னும் இரண்டு டாக்டர் வேண்டும் என்று. ஃபராஸ், தாயம்மா என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டரிடம் சேர்ந்தே போனார்கள். அவர் கத்தினாராம். ஆனாலும் ஒரு காவலாளி வந்துவிட்டார். டாக்டர்கள் இன்னும் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டு முறை குழம்பு கேட்டு. நேற்று மறுபடியும் பேசாமல் படுத்துவிட்டாள்.

அவளைக் கேட்காமல் கிண்டிக்கு நான் ஒப்புக்கொண்டது தப்பா, இப்போது அவள் போக்கில் விட்டது தப்பா? மார்க்கெட்டில் உட்கார்ந்தாலும் இதே யோசனை. நீ போன் செய்யும்போது அவளைத் திட்டாதே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

இன்னொன்று, தம்பி. நீ கப்பலுக்குப் போய் ஆறு வருடம். உடம்பு எப்படி, அலை எப்படி, எப்போது லீவு என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். பிடிக்காவிட்டாலும் அம்மாவிடம் சொல்லலாம். மாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா ரோஸி