பப்பாசி நிறம்

உன் வீட்டு வளவுப் பப்பாசி மூன்று நாளாக என் குசினி மேசையில் கிடந்து பழுக்கிறது. வெட்ட மனம் வரவில்லை, எறியக் கை வரவில்லை. கதவைத் திறந்தால் அந்த மணம்தான் முதலில் வருகிறது. தேத்தண்ணி வைக்கப் போய் அடுப்பை மூட்டாமலே திரும்பி வருகிறேன். முற்றம் கூட்டப் போய்ப் பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நிற்கிறேன். நீ இருந்திருந்தால், "என்னடி, காலுக்குள்ள எறும்பு ஏறினவள் மாதிரி நிக்கிறாய்?" என்று வேலிக்கு அங்கால் நின்று கேட்டிருப்பாய்.

பழத்தைக் கொண்டுவந்தவள் உன் மகள். ஏழு மாத வயிற்றோடு, நாங்கள் போய்வர வேலியில் விட்ட பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் என்று, தாய் இல்லாத வீட்டுக்கு வந்து இருக்கிறாள். பிடிவாதம் உன்னுடையது, வேறு ஆருடையது?

"எனக்குத் தின்னக்கூடாதாம் அன்ரி. மரத்தில கிடந்து அணில்தான் தின்னுது. நீங்களாவது சாப்பிடுங்கோ."

பழத்தை வைத்தவள் போகவில்லை. மேசையடிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா என்னத்தையும் முதல் உங்களிட்டத்தானே காட்டுவா. கை மஞ்சளாப் போனதை உங்களுக்குக் காட்டேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

எவ்வளவு சுகமாக வாயில் வந்தது அந்தப் பொய்! அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று பிடித்த மன அந்தரம் இன்னும் விடவில்லை.

இந்த நிறக் கதையைத் தொடக்கியவளே நான்தான். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பொருந்தியதும் நீ கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைத் தடவிக்கொண்டு நின்றாய். தனியாளாக வயல் செய்து பிள்ளையை வளர்த்த முகம். எங்கள் வட்டக்கச்சி வெயில் அதில் ஒரு இடம் மிச்சம் வைக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பாத்திட்டு, கூலிக்கு வந்தவளோ எண்டு கேப்பினமடி" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாதாமாதம் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக்கில் கொப்பி எழுதிக் கொடுக்கிறவள் அல்லவா நான், பாதி டொக்டர் என்ற நினைப்பு. போனில் வாசித்ததையும் கிளினிக்கில் கேட்டதையும் சேர்த்து ஒரு பிரசங்கம் வைத்தேன். கிறீம் பூசாதே, மரக்கறியும் பழமும் தின், ஒன்றிரண்டு மாதத்தில் தோலே வேறு நிறம் காட்டும் என்றேன்.

நீ எதையும் அரைகுறையாகச் செய்தால்தானே! காலையில் பப்பாசி, மத்தியானம் கரட் சம்பலும் பூசணிக்காய்க் கறியும், பின்னேரம் திரும்பவும் பப்பாசி. "தோலுக்குப் பூசாமல் வயித்துக்குப் பூசுறன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். பொய் சொல்லக்கூடாது, ஒன்றரை மாதத்தில் உன் முகத்தில் ஒரு மினுக்கம் வந்தது. காய்ந்து கிடந்த கன்னத்தில் பொன் பூசியது போல ஒரு நிறம். கடைக்காரன்கூட இரண்டாம் முறை பார்த்தான் என்று நான் பகிடி பண்ண, நீ சீலைத் தலைப்பால் எனக்கு அடித்தாய்.

பிறகு ஒருநாள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாய். கை மஞ்சள், மூக்கின் இரண்டு பக்கமும் மஞ்சள், பாதமும் மஞ்சள். "செங்கமாரியடி, மஞ்சள் காமாலை, கலியாணத்துக்கு முதல் செத்துப்போவன்" என்று அழுதாய். கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். மிட்வைஃப் உன் கீழ் இமைகளை இழுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. "கண் வெள்ளையாத்தான் கிடக்கு. இது தின்ற பழத்தின்ர நிறம், கொஞ்சம் குறையுங்கோ, தன்பாட்டில போயிடும். கண்ணும் மஞ்சளாகினால்தான் ஓடி வரோணும்" என்றா. அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் சொத்தாகிவிட்டது. வருகிற தாய்மாருக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன்.

கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியம்மா, "சம்பந்தி வயலுக்குள்ள இறங்கிறவா எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டா. அந்த ஒரு வசனத்தை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! சொல்லும்போதெல்லாம் கழுத்து ஒருக்கால் நிமிரும். எனக்கும் பெருமைதான். என் வைத்தியம் அல்லவா?

இந்த வருஷம் கண்ணில் வெள்ளை படர்ந்து, ஆஸ்பத்திரியில் உனக்குக் கண் வெட்டினார்கள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "எப்பிடி, நடிகை மாதிரி இருக்கிறனோ?" என்று கேட்டாய். வெயில் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. கண்ணுக்கு நல்லது என்று மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போதெல்லாம் பை நிறையக் கரட் கொண்டுவந்தாள். நீ சாறு அடித்துக் குடித்தாய்.

அந்தக் காலைநேரம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வேலிக்கு மேலால் கையை நீட்டினாய்.

"பாரடி, திரும்பவும் மஞ்சளிக்குது."

"இந்தமுறை ஆருக்குக் கலியாணம், உனக்கோ?" என்றேன்.

"பகிடியை விடு. பப்பாசி தொட்டே கனநாள். சாப்பாடே இறங்குதில்லை. மேலெல்லாம் ஒரே கடி, சொறிஞ்சு மாளேல்லை."

"சும்மா இரு. கரட்டை வாளிக் கணக்கில குடிச்சால் மஞ்சளிக்காமல் நீலமோ ஆகும்? நிப்பாட்டு, போயிடும்."

நீ சிரித்தாய். நான் சொன்னால் உனக்கு வேதம். கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்தக் கண்ணாடியைக் கழற்று என்று நான் கேட்கவில்லையடி. ஊருக்கெல்லாம் இமையை இழுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த நான், உன் கண்ணைப் பார்க்கவில்லை. கீரையை விட்டு எழும்பி நாலு அடி வைத்திருந்தால் போதும்.

மூன்று கிழமை கழித்து நீ முகம் கழுவும்போது பார்த்தேன். இரண்டு கண்ணும் மஞ்சள் அரைத்துப் பூசினது போல இருந்தன. அன்றைக்கே கிளிநொச்சிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு ஓடினோம். பித்தம் இறங்குகிற குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஒன்றரை மாதத்தில் நீ போய்விட்டாய். அந்த மூன்று கிழமை முந்தி வந்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று டொக்டரிடம் நான் கேட்கவில்லை. வாய் வரை வந்தது. அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

இப்போது ஆரைக் கண்டாலும் கண்ணைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளை உற்றுப் பார்த்து ஏச்சு வாங்கினேன். போன கிளினிக்கில் ஒரு குழந்தையின் இமையை நான் இழுக்க, "அன்ரி, அவனுக்குத் தடிமன்தான்" என்று தாய் பறித்துக்கொண்டாள். உன் மகளின் கண்ணை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று நாளும் வேலிப் பக்கம் போகவில்லை. அவள் தண்ணி அள்ளுகிற சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவேன். தாய் நம்பினவளே தாயை விட்டுவிட்டாள் என்று தெரிந்தால், பிள்ளைத்தாச்சி மனம் என்ன பாடுபடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பச்சைக் கள்ளம். அவள் என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம்தான் எனக்கு. அவளையும் இழந்தால் உன் பக்கத்து உறவென்று எனக்கு ஆர் இருக்கினம்?

இன்று காலை கிணற்றடியில் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் குந்தியிருந்தாள். கன நேரமாக எழும்பவில்லை. பயந்துபோய்ப் பொட்டுக்குள்ளால் ஓடினேன். வருத்தம் ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"பிள்ளை, நான் பொய் சொன்னனான். கொம்மா எனக்குக் காட்டினவா. கரட் எண்டு சொல்லிச் சிரிச்சு அனுப்பிப்போட்டன்."

ஏசுவாள், எழும்பிப் போவாள் என்று நின்றேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"எப்ப அன்ரி?"

"கண் வெட்டி ஒரு மாசத்தால."

"எனக்கும் அந்தக் கிழமைதான் காட்டினவா. அது கரட் அம்மா, பயப்பிடாதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான். கரட் வாங்கிக்கொண்டு வந்ததும் நான்தானே. உங்களுக்கும் காட்டியிருப்பா எண்டு நினைச்சுத்தான் கேட்டனான். நீங்கள் இல்லை எண்டீங்கள். அப்ப, அம்மா எனக்கு மட்டும்தான் காட்டினவா, நான்தான்..."

ஈர மண்ணில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் உனக்காக அழுதோம். வயிற்றுக்குள் கிடந்த பிள்ளை என் கையில் உதைத்தது.

திரும்பி வந்து இதை எழுதுகிறேன், இன்னும் மனம் ஆறவில்லை. அன்று வேலியடியில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதற்கு ஏதாவது ஒரு சமாதானம் இருக்கும். ஆனால் என் குசினியில் நின்று உன் பிள்ளை கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு, தாயைக் கொன்றேன் என்ற நினைப்போடு அவளைத் தனியே விட்டேன். அடியே, உன் கையைப் பார்த்துச் சிரித்ததை நீ மன்னித்தாலும் மன்னிப்பாய். இந்த மூன்று நாளை மன்னிக்காதே.