உடைந்ததற்குச் சாட்சி

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டு விலாசத்துக்கே கடிதம் போடுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் திருப்பி அனுப்பிய பார்சலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் விலாசத்தை எழுதிக்கொண்டேன். அப்படி எடுத்தது சரியா என்று எனக்கே சந்தேகம். உங்கள் பணம் திரும்பியதும் விற்பனைத் தளத்தில் உங்களுக்குச் செய்தி அனுப்பும் வழியை அடைத்துவிட்டார்கள். வாங்குகிறவர்களின் தொலைபேசி எண்ணை அவர்கள் எங்களுக்குக் காட்டுவதே இல்லை.

நான் உங்களுக்குக் கையால் சுற்றும் கருப்புத் தையல் மெஷின் விற்ற பெண். கரண்ட் போனாலும் ஓடுமா, ஜீன்ஸ் துணி தாங்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். ஜீன்ஸை நான்காக மடித்துத் தைக்கிற வீடியோ ஒன்றை அனுப்பினேன். அதில் தெரிகிற கை என் அப்பாவுடையது. அப்பா தையல் மெஷின் மெக்கானிக். பழைய மெஷின்களை வாங்கிப் பிரித்து, துருவெடுத்து, வர்ணம் அடித்து ஓட வைப்பார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அப்பாவின் மெஷின்களைப் படமெடுத்து இணையத்தில் விற்கத் தொடங்கினேன். பக்கத்துக் கடையில் போன் உறை விற்கும் சித்தப்பா, "கடைக்கு ஒழுங்கா ஒரு ஷட்டர் கெடையாது, வியாபாரம் மட்டும் உலகம் பூரா" என்று கிண்டல் செய்வார். அப்பாவுக்கு அதைக் கேட்க உள்ளுக்குள் சந்தோஷம்.

நீங்கள் தளத்தில் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். "கழுத்து உடைந்த மெஷினை அனுப்பிவிட்டார்கள், பெட்டியைத் திறந்ததும் படமெடுத்து என் மகளுக்கு அனுப்பினேன், யாரும் வாங்காதீர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. அப்பா என்னை அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். "ஏமாத்துக்காரன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எழுதலைன்னாலும் அதானே அர்த்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மெஷின் எங்களிடமிருந்து கிளம்பும்போது முழுசாகத்தான் இருந்தது, அக்கா. நான்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன், அப்பா கட்டினார். சக்கரத்தைத் தனியாகக் கழற்றித் துணி சுற்றி வைத்தார். அடியில் தெர்மக்கோல், நாலு பக்கமும் பபிள் ஷீட். வார்ப்பிரும்பு பார்க்கத்தான் முரடு, உயரத்திலிருந்து விழுந்தால் பிஸ்கட் மாதிரி விண்டு போகும் என்று அப்பா சொல்லிக்கொண்டே கட்டினார். வழியில் எங்கேயோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் பார்சலுக்குக் காப்பீடும் எடுத்திருந்தோம். கூரியர் கம்பெனியில் க்ளைம் கேட்கலாம் என்று எனக்குத் தைரியம் இருந்தது. விதிகளையெல்லாம் படித்து வைத்திருந்தேன்.

ஆனால் விதிகளைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

மெஷின் திரும்பி வந்த அன்று நான் கூரியர் ஆபீசுக்கு விவரம் கேட்கப் போயிருந்தேன். சேதமான பொருளை அப்படியே வைத்திருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். வீடு திரும்பினால் பட்டறையில் கேஸ் வாடை. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு நின்றார். உடைந்த கழுத்தைப் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்து, ராவி, வர்ணமும் அடித்து முடித்திருந்தார். "எங்க உடைஞ்சுச்சுன்னு காட்டு பாப்போம்" என்றார். தேடிப் பார்த்தேன். காட்ட முடியவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தொடாதீங்க என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போக எனக்குத் தோன்றவே இல்லை. பழுதான மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு அவர் கையைக் கட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உடைந்த நிலையில் எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கூரியர் கம்பெனியிலிருந்து பேசிய பையனுக்கு இப்போதிருக்கும் மெஷினைப் படமெடுத்து அனுப்பினேன். "மேடம், இதுல டேமேஜ் எங்க இருக்கு? புதுசு மாதிரி இருக்கே!" என்றான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. பிறகு நல்லபடியாகத்தான் சொன்னான். ரிப்பேர் செய்ததை மறைக்காமல் எழுதிக் கொடுக்கலாமாம், அந்தச் செலவைக்கூடக் கேட்கலாமாம். ஆனால் உடைந்திருந்தபோது எடுத்த படமும், முதலில் அனுப்பிய பெட்டியும் இல்லாமல் எதுவும் நகராது என்றான். வருகிற வாரக் கடைசியில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நேரில் பார்க்க வருகிறார்.

க்ளைம் தள்ளுபடியானால் நாங்கள் பெட்டியைச் சரியாகக் கட்டவில்லை என்று ஆகிவிடும். விற்பனைத் தளத்தில் எங்கள் கடையை இப்போதே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு வந்தால் ஒரேயடியாக மூடிவிடுவார்கள். விலை பேசி முடித்த இரண்டு மெஷின்கள் துணி போர்த்தியபடி மூலையில் நிற்கின்றன. அதற்குப் பிறகு அப்பா பழையபடி, யாராவது வருவார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். "இதுக்குப் போயி மண்டைய ஒடைச்சுக்கிறீங்களேண்ணே. சுத்தியல எடுத்து ஒரே போடு. ஒட்டுன எடத்துலயே விட்டுரும். சர்வேயர் வந்து பாத்துட்டுப் போவட்டும்."

அப்பா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உடைஞ்சது நெசந்தானே? நெசமா உடைஞ்சதை மறுபடி உடைச்சா அது எப்படிம்மா பொய்யாகும்?"

கல்லூரியில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். "க்ளைம் பேப்பர்ல நான்தான்ப்பா கையெழுத்துப் போடணும்" என்று மட்டும் சொன்னேன், அக்கா. "ஒன்னைய ஒண்ணும் உடைக்கச் சொல்லல. நீ வெளிய போயிரு. நான் பாத்துக்கறேன்" என்றார். அம்மா ரசப் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். "ஆமா, அவ வெளிய போயிட்டா சத்தம் கேக்காது பாருங்க" என்றார்.

அன்றே அம்மா அந்த மெஷினைத் தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். விடாமல் தைக்கிறார். தலையணை உறை, மிதியடி, கதவுக்குத் திரை. எங்கள் வீட்டில் இத்தனை தலையணை கிடையாது. "நான் தைச்சுக்கிட்டு இருக்கும்போது எவன் வந்து கை வைக்கிறான்னு பாக்குறேன்" என்கிறார். அப்பா வாசற்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். "நூல் இழுப்பு கொஞ்சம் டைட்டா இருக்கு, தளர்த்திவிடு" என்று அங்கிருந்தே சொல்கிறார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

சிரிப்பாக எழுதிவிட்டேன். ஆனால் வாசலில் எந்த வண்டி நின்றாலும் சர்வேயராக இருக்குமோ என்று எட்டிப் பார்க்கிறேன். அம்மா தூங்காமல் காவல் இருக்க முடியாது. அப்பா முடிவெடுத்துவிட்டால் பேசமாட்டார், செய்துவிடுவார். இன்று காலை, என் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கையெழுத்து செல்லுமா என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பழி என் மேல் வரக் கூடாதாம்.

உங்கள் மகளுக்கு அனுப்பிய அந்தப் படம் போனில் இன்னும் இருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? நீங்கள் வேறு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தீர்கள். நாங்கள் அனுப்பிய பெட்டி அங்கே எங்காவது கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அதன் மூலை நசுங்கியிருந்தால் அதையும் ஒரு படம் எடுத்தால் போதும். எங்கள் எண் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. படம் அழிந்துவிட்டது, பெட்டியும் போய்விட்டது என்றாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பணம் கொடுத்து ஏமாந்து நின்றவர் நீங்கள். உங்களிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதற்கும் மேலே ஒன்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்த எண் பட்டறையில் இருக்கும் போனுடையது. கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார். மெஷின் வாங்கியவர் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவார். அவரைக் கேட்க விடாதீர்கள். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மெஷினை உடைக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் சின்னப் பெண் பயப்படுகிறாள் என்று நினைக்கிறார். அம்மா சொன்னால் சண்டையாகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார், அக்கா.

இப்படிக்கு,
மெஷின் விற்ற பெண்