மூன்று சனிக்கிழமைகள்

1992 புரட்டாதி, வெள்ளி

இன்று டொக்டர் கேட்ட கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பிள்ளைக்கு உடம்பு தடிச்சு மூச்சிழுத்தது எந்தெந்த நாள், மாஸ்டர்?"

இந்தக் கொப்பியைப் புரட்டிக் காட்டினேன். மூன்று தடவையும் சனிக்கிழமை.

"அதுதானே சாத்திரியார் சொன்னவர், சனி பிடிச்சிருக்கெண்டு," என்றாள் கமலா.

முதல் தடவை செல்வி எள்ளுருண்டை தின்றிருந்தாள். சாத்திரியாரிடம் போனது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து கமலா மகளுக்காகச் சனிதோறும் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கிறாள். மற்ற இரண்டு தடவையும் எள்ளுச்சாதமும் படைத்து, முதல் வாயைச் செல்விக்கே ஊட்டியிருந்தாள்.

இதைச் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "எள்ளுத்தான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை அம்மா. இனி வாயிலை வைக்க விடாதேங்கோ."

அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி மருந்து இரண்டு எழுதித் தந்தார். பாமசியில் ஒன்றுதான் இருந்தது. மற்றது கப்பல் வந்தால்தானாம். ஊசி போட அடுத்த வீட்டு நேர்ஸ் சம்மதித்துவிட்டா. மருந்தில் சூடு படக்கூடாதாம். சண்டை தொடங்கியதிலிருந்து கரண்ட் இல்லாத எங்கள் பிரிட்ஜுக்குள் கமலாவின் சீலைகள் இருக்கின்றன. அதனால் மருந்தைத் தண்ணீர்ப் பானையோடு அணைத்து வைத்திருக்கிறோம். அது போதுமா?

நாளைக்குச் சனி. நேர்த்தியை விடமாட்டேன் என்கிறாள் கமலா. சற்று முன் வந்து கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எள்ளெண்ணெய் பட்ட கையை எத்தினை தரம் கழுவினால் பிள்ளையைத் தூக்கலாம்?"

அதை டொக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டோம்.