பீடையை விட்டுப் போகும் இடம்

திருச்சானூர்
3.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் செருப்புக் கடையில் பழசைக் கொண்டுவந்து கொடுத்தால் புதுசுக்குத் தள்ளுபடி. பழைய செருப்பின் ரப்பர் அடியை அரைத்துப் புது அடி செய்வோம், குப்பைமேட்டுக்கு ஒன்றும் போகாது. யோசனை என்னுடையது, பொறுப்பும் என் தலையில். மேஜை போட்டுச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒருவரும் கொடுக்கவில்லை. இந்த மாதத்துக்குள் அரைக்கும் மெஷினுக்குச் சரக்கு சேராவிட்டால் கம்பெனியில் திட்டத்தை மூடிவிடுவார்களாம். அப்புறம் நீங்கள் சொன்னபடி நகரிக்கே வந்து தறி ஓட்ட வேண்டியதுதான். அழுகையாக வருகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் யாமினி

நகரி
7.11.2025

அன்பு யாமினிக்கு,

அழாதே. ஆனால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்று சந்தோஷமாக வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிற ஜனம் நம் ஜனம். அந்தச் செருப்பைப் போய் ஒரு பெண்ணின் கையில் யார் கொடுப்பார்கள்? பக்கத்துத் தறி பாலையாவிடம் சொன்னேன். "ஊரான் பீடைய உன் வூட்டுக்காரி எதுக்குப்பா கையேந்தி வாங்கிக்கினு கீறா?" என்கிறான். மானம் போகிறது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

கிஷோர்

திருச்சானூர்
24.11.2025

அன்புள்ள மாமா,

பாலையா அண்ணனுக்கு ஒரு கும்பிடு! உங்கள் கடிதத்தைப் படித்ததும் மேஜையைத் தூக்கி உள்ளே போட்டேன். வாசலில் ஒரு காலி ராக், பக்கத்தில் ஆளே கிடையாது. தெலுங்கிலும் தமிழிலும் பலகை வைத்தேன்: 'பழைய செருப்போடு பீடையையும் இங்கே விடுங்கள். வெறுங்காலோடு உள்ளே வந்தால் புதுசுக்குத் தள்ளுபடி.' மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வந்தது பாருங்கள், ராக் நிரம்பி, கோணியும் போதவில்லை. ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, "திரும்பிப் பாக்காத, வாடி!" என்று மகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். போன வாரம் மெஷின் ஓடியது. மற்ற கடைகளிலும் ராக் வைக்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் மாமா! அதில் செய்த முதல் ஜோடி உங்களுக்குத்தான், அனுப்பியிருக்கிறேன்.

இனி தறிக்கு வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் யாமினி

நகரி
28.11.2025

அன்பு யாமினிக்கு,

ஒரு நாள் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீ அனுப்பியதைப் போட்டுக்கொண்டு தறி ஷெட்டுக்குப் போனேன். பாலையா குனிந்து தொட்டுப் பார்த்து, "அந்த பீடையா இது? ஷோக்கா கீதே! எனக்கும் ஒரு ஜோடி சொல்லு" என்றான். என் பெண்டாட்டி செய்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை வருகிறேன், உன்னைக் கூட்டிப்போக இல்லை. ஷெட் ஆட்களின் பழைய செருப்பு இரண்டு மூட்டை சேர்ந்திருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் திட்டுவான், பக்கத்தில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். பரவாயில்லை. உன் ராக்கில் நானே அடுக்குகிறேன்.

உன் கிஷோர்