தொட்டி உச்சியில் இரண்டு கோடு ரேஞ்ச்

ஜனவரி 3, சனி

காலை வெயில். மதியம் புழுக்கம். படகில் மட்டும் காற்று. வீடு இருக்கும் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், பிறகு படகில் இருபது நிமிடம். விளம்பரத் தாளில் 'உலகம் மறந்துபோன வெப்பமண்டலத் தீவு'. உலகம் மறந்திருக்கலாம். எதிர்க்கரைப் பஸ்ஸின் ஹாரன் அறைக்குள் தெளிவாகக் கேட்கிறது.

தேர்வு என் கணவர் ரா.வுடையது. பணி ஓய்வு பெற்ற கணவர்களுக்குத் திடீரென்று அமைதி தேவைப்படுகிறது. முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் 'அமைதி' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தேவைப்படவில்லை.

கொண்டு வந்தவை: சுரிதார் 3, புடவை 1, ரா.வின் மாத்திரை டப்பா, உறை ஊற்றக் கொஞ்சம் தயிர், மலை ஏற வாங்கிய காலணி (நடந்து பழக்க), ஆதார் நகல், டாக்டர் சான்றிதழ்.

கடைசி மூன்றும் எதற்கு என்றால்: செவ்வாய் காலை பதினொன்றுக்கு அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு ஆன்லைன் பதிவு. சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு அடுத்த வருடம்தான். வித்துரா தாண்டிப் போய், அங்கிருந்து காட்டுக்குள் மூன்று நாள் நடை. பெண்களுக்கு அந்த வழி திறந்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. போன வருடம் சரியாகப் பதினொன்றுக்கு ரா. காப்பி கேட்டார். பதினொன்று ஐந்துக்கு இடம் இல்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. 'அடுத்த வருடம்' என்பதை இனி முழங்காலிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

தீவில் நெட் உண்டா என்று புறப்படுவதற்கு முன் மூன்று தடவை கேட்டேன். "இந்தக் காலத்துல நெட் இல்லாத எடம் உண்டோ? என்ன கேள்வி இது, சாரதா!"

உண்டு. இதுதான்.

வரவேற்பு மேசையில் பலாமரப் பெட்டி. ஷைனி என்ற பெண் ஒரு தட்டை நீட்டினாள். கோயில் கவுண்டரில் வருடக்கணக்காகச் செய்வதை ரா. யோசிக்காமல் செய்தார். இருவர் செல்போனையும் தட்டில் வைத்தார், டோக்கன் வாங்கினார், ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டார், சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். செல்போன்கள் அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டன.

மேனேஜர், நெற்றி நிறையச் சந்தனம்: "டிஜிட்டல் டீடாக்ஸ் பாக்கேஜ் அல்லே, மேடம். போகும்போ திரிச்சு தராம்." போகும்போதுதான் திருப்பித் தருவாராம்.

"இங்க நெட் கனெக்‌ஷன்?"

"அது இல்லாததாணு நம்முடெ ஸ்பெஷல்."

இல்லாத ஒன்றை விருந்தாகப் பரிமாறும் விடுதியை முதல் முறையாகப் பார்க்கிறேன். படகு இனி புதன்கிழமைதான். நடுவில் வேண்டுமென்றால்? "இன்ஷூரன்ஸ் இல்ல, மேடம்."

ஜனவரி 4, ஞாயிறு

மேகம். மழை இல்லை. காலையில் புட்டு, கடலை. புட்டு நன்றாக இருந்தது. கோபத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சங்கடம்.

ரா. கையெழுத்திட்ட தாளை வாங்கிப் படித்தேன். அதை இதுவரை யாரும் படித்ததில்லை என்று ஷைனியின் முகம் சொன்னது. ஏழாவது வரி: பொருளை ஒப்படைப்பவர், பொருளின் உரிமையாளராக இருக்க வேண்டும். என் செல்போன் என்னுடையது. அதை ஒப்படைக்க ரா. யார்? மேனேஜர் இரண்டு தடவை வாசித்தார், சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார், பெட்டியைத் திறந்தார். போகிற போக்கில் ரா.வுடையதையும் எடுத்துக்கொண்டேன். அவரும் யாரையும் கேட்காமல்தானே கொடுத்தார்.

இனி ரேஞ்ச். தேடிய இடங்கள்:

அறை: இல்லை.
சாப்பாட்டுக் கூடம்: இல்லை.
மணல் திட்டு: இல்லை. செருப்புக்குள் மணல் மட்டும்.
படகுத்துறை: 'தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி (மாநில எல்லை பக்கத்தில்). பிறகு ஒன்றும் இல்லை.

ரா. சாய்வு நாற்காலியில். "மனசை ஃப்ரீயா விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." இதே வாக்கியத்தைப் பொன்முடியில் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவை. முதல் தடவை நாலாவது வளைவில் அவருக்குத் தலை சுற்றல், இரண்டாம் தடவை ஏழாவதில். இரண்டு தடவையும் ஜீப்பைத் திருப்பினோம். பொன்முடியின் உச்சியை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன்.

மதியம் ஒரு கண்டுபிடிப்பு. கள் இறக்குகிற செல்வராஜ், ஊர் கருங்கல் பக்கம். இடுப்பில் பாளை சீவும் கத்தி, கலயம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஐந்து செல்போன்.

"இது என்ன, செல்வராஜ்?"

"ஆபீஸ் பிள்ளையளுக்க போனாக்கும், அம்மா. தென்னை உச்சில ரெண்டு கோடு கெடைக்கும். நான் பாளை சீவி முடியதுக்குள்ள இவங்களுக்கு வாட்ஸாப்பு எல்லாம் எறங்கிரும். இந்தத் தீவுல போஸ்ட்மேன் நான்தான் கேட்டியளா."

ஒரு நாளைக்கு மூன்று வேளை ஏறுகிறார். ஷைனியின் வாட்ஸாப்பும் மூன்று வேளை மரம் ஏறி இறங்குகிறது. டீடாக்ஸ் விருந்தினருக்கு மட்டும்தான்.

ஜனவரி 5, திங்கள்

வெயில். முதுகு வலி (மெத்தை). நாளைய பதிவுக்கு நண்பகலில் ஒத்திகை.

செல்வராஜ் என் செல்போனோடு ஏறினார். நானும் ரா.வும் கீழே, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. மேலிருந்து குரல்:

"படம் வருது, அம்மா! வண்டி உள்ள படத்தை எல்லாம் தொடச் சொல்லுகு!"

"தொடுங்கோ!"

"ஒண்ணுல பாதிச் சக்கரம்தான் இருக்கு. அது வண்டியா, இல்லியா?"

"வண்டிதான்!" என்றேன்.

"முழுசா இல்லேன்னா எப்படி வண்டி ஆகும்?" என்றார் ரா.

மேலே கேட்டுவிட்டது. "சார் சொல்லியது நியாயம்தானே, அம்மா?" அதற்குள் படங்கள் மாறிவிட்டன. மூன்றாம் முயற்சியில் உள்ளே போனார்.

"ஓட்டிபி அனுப்பியிருக்காம்! ஒரு நம்பருக்கு!"

அந்த நம்பர் ரா.வுடையது. கேஸ், வங்கி, கரண்ட் பில், என் பி.எஃப்., எல்லாவற்றிலும் அவர் எண். கல்யாணமானபோது எழுதிய விண்ணப்பங்களில் ஆரம்பித்த பழக்கம். இந்த வனத்துறைக் கணக்கைத் தொடங்கியபோதும் நானே அவர் எண்ணைத்தான் அடித்திருக்கிறேன், கை தானாகப் போய்விட்டது. அவர் செல்போன் அவர் சட்டைப்பையில். சட்டைப்பை தரையில். தரையில் ரேஞ்ச் இல்லை. எனக்கு வர வேண்டிய ஆறு எண்கள் எங்களுக்கு மேலே எங்கோ காற்றில்.

செல்வராஜ் இறங்கி வந்து கையைத் துடைத்தார். "ரெண்டு போனு, ரெண்டு கையி. பின்னே மரத்தைப் பிடிக்கது ஆரு? பேசாம தொட்டில ஏறுங்க, அம்மா. அங்கேயும் ரெண்டு கோடு உண்டும்."

சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. நாலு தூண், செங்குத்தாக இரும்பு ஏணி, முப்பத்தெட்டுப் படி. கீழே பலகை: 'விருந்தினர் ஏறக் கூடாது.'

ரா. வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் ஏறறேன். நீ தள்ளிக்கோ." நாலு படி. ஐந்தாவதில் கண்ணை மூடினார். செல்வராஜ் தோள் கொடுத்து இறக்கினார்.

"இது ஏணியே இல்ல. எவன் கட்டினான் இதை?" கொஞ்சம் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், சாரதா."

காலணியை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

காற்று. தெளிந்த வானம். 10.30க்கு மேனேஜர் வந்து பலகையைக் காட்டினார்.

"மேடம், கெஸ்ட் ஏறான் பாடில்லா."

"இப்போலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் நான் கெஸ்ட் இல்லை. எழுதித் தரட்டுமா?"

கள் கலயம் வைக்கும் தோல்பட்டையை செல்வராஜ் என் இடுப்பில் கட்டிவிட்டார். கலயத்துக்குப் பதில் இரண்டு செல்போன். "கீழே பாக்காதீங்க. எண்ணாதீங்க. எண்ணினா கால் கூசும்." எண்ணினேன். நூலகப் பழக்கம். இருபதில் உள்ளங்கையில் துரு. இருபத்தாறில் முழங்கால் என்னவோ சொன்னது, கேட்டுக்கொள்ளவில்லை. முப்பதில் ரா.வின் குரல்: "சாரதா, என் பேரை முதல்ல போடு! வயசு வரிசைப்படி!" முப்பத்தெட்டு.

மேலே வட்டமான சிமெண்ட் மூடி. தெற்கே கடல். கிழக்கே நீலமாக மலை வரிசை. அதில் எது அகத்தியர்கூடம் என்று தெரியவில்லை. இரண்டு கோடு ரேஞ்ச்.

10.58. சக்கரம் உள்ள படங்கள். பாதிச் சக்கரத்தையும் தொட்டேன். ஏற்றுக்கொண்டது.

11.00. ரா.வின் செல்போன் என் மடியில் துள்ளியது. ஆறு எண்கள். உள்ளே போனேன். பெயர்: சாரதா. வயது, ஆதார், சான்றிதழ். பிப்ரவரியில் ஒரு தேதி. அதன் பக்கத்தில் 'மீதி 11'. கீழே ஒரு பொத்தான்: 'இன்னொருவரைச் சேர்க்க'.

குனிந்து பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றார்கள், பார்த்தேன். ரா. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, உதடு அசைய நின்றார். சகஸ்ரநாமமாக இருக்கும். ஏணியில் நான் இல்லை, தொட்டி மேல் இருக்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. காட்டில் முதல் நாளே எந்த இடத்தில் தலை சுற்றும், எந்தப் பாறையில் உட்காருவார், என்ன வாக்கியம் சொல்வார், எல்லாம் எனக்குத் தெரியும். நானும் அவரோடு திரும்பி நடப்பேன். திரும்பாமல் இருக்க எனக்குத் தெரியாது.

மீதி 9.

அந்தப் பொத்தானைத் தொடவில்லை. அதற்கு அடுத்ததைத் தொட்டேன்.

பதிவு எண் வந்தது. தாளில் குறித்துக்கொண்டேன், செல்போனை நம்பி இறங்கத் தயாராக இல்லை. இறங்கும்போது எண்ணவில்லை.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"ரெண்டு பேருக்கும்?"

"ஒரு சீட்தான் பாக்கி இருந்துது."

செல்வராஜ் தோல்பட்டையை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு தென்னையைப் பார்த்தார். "வேகமா தீந்திரும், சார். நான் மேல இருந்து பாத்துட்டுதானே இருந்தேன்" என்றார். அந்த நேரத்தில் அவர் எந்த மரத்திலும் இல்லை.

ரா. நெற்றியைத் துடைத்தார். முகத்தில் ஒரு நிமிடம் நிம்மதி மாதிரி ஏதோ வந்தது. அது நிலைப்பதற்குள் அதன் இடத்தில் கோபம் வந்துவிட்டது.

ஜனவரி 7, புதன்

மேகம். துணி காயவில்லை. படகு பத்தரைக்கு. உள்ளங்கை இரண்டும் சிவப்பு. ஷைனி வெளிச்செண்ணெய் (தேங்காயெண்ணெய்) கொடுத்தாள், தன் செல்போனையும் நீட்டினாள்: "தொட்டி மேல ஒருக்கா கூட கேறுமோ, அம்மே?" இன்னொரு தடவை ஏற மறுத்தேன். யோசித்துவிட்டுத்தான் மறுத்தேன்.

ரா. காலையிலிருந்து விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறார். வனத்துறைக்குப் புகார். தம்பதிகளைப் பிரிக்கும் பதிவு முறை பற்றி. மூத்த குடிமக்களை மதிக்காதது பற்றி. தான் மலையேறத் தயாராக இருந்தது பற்றி ஒரு முழுப் பத்தி. நல்ல நடை. கோபத்தில் அவருக்கு வாக்கியம் நன்றாக வருகிறது. இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை, திருத்திக் கொடுத்தேன்.

படகு வந்து நிற்கிறது. ரா. இன்னும் எழுந்திருக்கவில்லை, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி:

"சாரதா, இதைத் துல்லியமா எழுதணும், ஆதாரம் வேணும் பாரு. நீ பாத்த சமயத்துல சரியா எத்தனை சீட் இருந்துது?"

"ஒண்ணு" என்றேன்.

எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.