நடுவில் போட்ட நாற்காலி

மீஞ்சூர்

அன்பு மகள் அர்ஃபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையில் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பக்கத்திலிருக்கும் வாப்பா காதில் விழும், அதனால்தான் எழுதி, அங்கே திரும்பும் உன் தோழி ருமானாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிய அன்று கீழ்வீட்டுக் கஸ்தூரியம்மாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், கண்ணு தெரியாத மனுசருக்கு இன்னாத்துக்கு டீச்சர் ஹோம் தியேட்டருன்னு. என் மனசிலும் அதே கேள்விதான் இருந்தது. பார்வை போய், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று பழவேற்காட்டையும் படகோட்டுவதையும் விட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து வாப்பா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கண் எப்படி இருக்கு வாப்பா என்று நீ போனில் கேட்பாய், ம் என்பதோடு சரி. இப்படியே பேச்சும் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அதனால் எலக்ட்ரீஷியன் பிராங்க்ளின் மீன் ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் மூலைக்கு ஒரு ஸ்பீக்கராக வைத்தான். கீழ்வீட்டுக்குச் சத்தம் இறங்காதபடி பழைய வலைகளை மடித்துப் போட்டு ஜமுக்காளம் விரித்தோம், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். நீ கூடவே அனுப்பிய திரையை இன்னும் பிரிக்கவே இல்லை. வகுப்பில் மூலைக்கு ஒரு பிள்ளையை நிறுத்திப் பாடச் சொன்னால் நடுவில் நிற்கிற டீச்சருக்குத்தானே எல்லாக் குரலும் சமமாகக் கேட்கும், அப்படித்தான் இதுவும் என்று சொல்லி, அறை நடுவில் நாற்காலி போட்டு வாப்பாவை உட்காரவைத்தேன்.

உன் மாமா அஜ்மல் நம் படகின் முன்னால் ஒரு போன், பின்னால் ஒரு போன் கட்டி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் வரைக்கும் போய்ச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். முன்சத்தத்தை முன்பெட்டிகளிலும் பின்சத்தத்தைப் பின்பெட்டிகளிலும் விட்டான் பிராங்க்ளின். எஞ்சின் புறப்பட்டதும் வாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிடிக்கவில்லை போல என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ, நான் இன்னா மீனா, படகு நடுவுல கெடக்கறதுக்கு என்றபடி நாற்காலியை இழுத்துக்கொண்டு, தடவித் தடவிப் பின்சுவருக்குப் போய், இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் போட்டு உட்கார்ந்து வலது கையைப் பின்னால் நீட்டினார். சுக்கான் பிடிக்கிற கை. எத்தனை வருஷம் அந்தப் படகில் ஏறித் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன், முன்பக்கம் பார்த்தே போனதால் அந்தக் கையை நான் கவனித்ததில்லை அர்ஃபா.

சத்தத்துக்குச் சண்டை போட வந்த கஸ்தூரியம்மாள் வாசலில் நின்றார். யாரு முன்னால நிக்கறது, உக்காருங்க, முகத்துவாரம் வருதுன்னு வாப்பா ஒரு அதட்டு போட்டார். எங்கள் யாருக்கும் எஞ்சினைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பிராங்க்ளின் உட்கார்ந்தான், நானும் உட்கார்ந்தேன், அந்த அம்மாவும் பொத்தென்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் வந்தது அலை, முன்னாலிருந்து அறை முழுக்க. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பறவைக்கூட்டம் ஒன்று தலைக்குமேல் கத்திக்கொண்டு போனது. சுப்ஹானல்லாஹ் என்றேன். அவர் இத்தனை நாளும் கிடந்தது கட்டிலில் அல்ல, கரையில் என்று அப்போதுதான் விளங்கியது. இறங்கிப் போகும்போது கஸ்தூரியம்மாள், நாளைக்கும் படகு உண்டா பாய் என்று கேட்டார். காத்தைப் பாத்துத்தான் சொல்ல முடியும் என்றார் வாப்பா.

உன் கையால் செய்த இந்தக் காரியத்துக்கு அல்லாஹ் உனக்கு எல்லா பரக்கத்தையும் தருவான், ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை போன் போட்டால் வாப்பாவிடம் கண்ணைப் பற்றிக் கேட்காதே, இன்றைக்கு என்ன காற்று என்று கேட்டுப் பார்.

உன் உம்மா,
மரியம் பீவி