கணினி அமைதி என்கிறது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலகப் போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதனால் இதை எங்கள் ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் உடனே மலையடிவாரத்தை விட்டு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எரிமலையில் நாங்கள் புதைத்த கருவிகள் அதிர்வுகளை அனுப்பும். அதைப் பார்த்து, மலை எப்போது வெடிக்கும் என்று கணினி சொல்லும். பழைய வெடிப்புகளைக் காட்டி அதைப் பழக்கியவளே நான்தான். இப்போது அது ஆபத்தில்லை என்கிறது. எனக்கோ அதில் நம்பிக்கை இல்லை. உச்சியிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. தகவல் வராததை அது அமைதி என்று எடுத்துக்கொள்கிறது!

இயக்குநரிடம் சொன்னேன். "போன வருஷம் உன் பேச்சைக் கேட்டு ஊரையே காலி பண்ணி, கேலிக்கு ஆளானோம். மெஷினே சும்மா இருக்கு, நீ ஏம்மா குதிக்கிற?" என்றார்.

யாரிடமும் மூச்சு விடாதே. என் வேலை போய்விடும்.

உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்ல" என்று என் பெண்டாட்டி முணுமுணுத்தாள். இன்று குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்தவள், வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கிணற்றுத் தண்ணீர் சுடுகிறது. இப்போது அவளே மூட்டை கட்டுகிறாள்.

ஆனால் கோபித்துக்கொள்ளாதே. நான் ஓட்டுவது ஊர்ப் பேருந்து. தினமும் ஏறுகிறவர்களை விட்டுவிட்டு, என் குடும்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு எப்படிக்கா வருவேன்?

உன் தம்பி

மார்ச் 7

தம்பி,

எனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை? எல்லோரிடமும் சொல். நான் சொன்னதாகவே சொல். வருகிறவர்களையெல்லாம் பேருந்தில் ஏற்றிக்கொள்.

அடுத்தடுத்த ஊர்கள் சைரன் கேட்டால்தான் கிளம்பும். உச்சியில் புதுக் கருவி வைத்தால் கணினிக்கு உண்மை தெரியும், அதுவே சைரனை ஊதிவிடும். அதனால் நான் மேலே போகிறேன். யாரும் கூட வரவில்லை. வரச் சொல்லவும் எனக்கு மனமில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சாவி பக்கத்து வீட்டில். குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஊர் முழுக்க வந்து சேர்ந்துவிட்டது. முதலில் சிரித்தவர்கள்கூட, கிணற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்கள். பாலத்தைத் தாண்டும்போது சைரன் ஊதியது. மற்ற ஊர்க்காரர்களும் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மலை வெடித்தது.

உன் இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். "புதுக் கருவி பேச ஆரம்பிச்சதும் மெஷின் அலறிடுச்சு" என்றார். "எங்க அக்கா எங்க சார்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இங்கே பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. சாம்பல் கொட்டுகிறது. மேலே யாரையும் விட மாட்டார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். பேருந்து என்னிடம்தான் இருக்கிறது. கொஞ்சம் கண் தெரிந்தால் போதும், பாதை உள்ளவரைக்கும் ஓட்டுவேன், பிறகு நடப்பேன்.

நீ இறங்கி வர முயற்சி செய்யாதே. இருக்கிற இடத்திலேயே இரு, அக்கா.

உன் தம்பி